காற்று தரும் குளிர்ச்சியும் உடல் தரும் விலையும்

சென்ற கோடையில் ஒரு பிற்பகல், அறுபது வயதைக் கடந்த ஒருவரை அவருடைய மகன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். தாராபுரத்துக்கு அப்பால் உள்ள குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுவிட்டு, மகன் புதிதாக வாங்கிய மேற்கூரை திறக்கும் காரில் இருவரும் கோவை திரும்பிக்கொண்டிருந்தனர். நண்பகல் நேரம். கூரையைத் திறந்துவிட்டே வந்திருக்கிறார்கள். பல்லடத்தில் தேநீர்க் கடையின் முன் வண்டியை நிறுத்தினர். பெரியவர் இறங்கி நான்கு அடி நடந்தார். கண் இருண்டு கீழே விழுந்தார்.

எங்களிடம் வந்தபோது அவருடைய இரத்த அழுத்தம் 80/50. நாக்கு வறண்டிருந்தது. முந்தைய மாதம் மருத்துவமனையில் குறித்த எடையைவிட இரண்டரைக் கிலோ குறைந்திருந்தார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அவர் இதய பலவீனத்துக்காக எங்களிடம் நெடுநாள் சிகிச்சை பெறுபவர் என்பதால் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக, மிகுந்த எச்சரிக்கையுடன் நீர் ஏற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் தேறினார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே இதனை எழுதுகிறோம்.

மறுநாள் காலை அவர் எங்களிடம் சொன்னது இதுதான்: "வேர்க்கவே இல்லீங்க, டாக்டர். காத்து நல்லாச் சிலுசிலுன்னு அடிச்சுதுங்க. வெயிலே தெரியலீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வியர்த்தது அவருக்கே தெரியவில்லை. அது ஏன் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை. திறந்த காரில் செல்பவர்களுக்கு மட்டுமன்றி இருசக்கர வாகனம், ஜீப், டிராக்டர், சரக்கு ஆட்டோ ஆகியவற்றில் காற்றை வாங்கிக்கொண்டு செல்லும் அனைவருக்கும் இது பொருந்தும்.

பானையும் தோலும்

நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாகும் நீர் பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. அதே பானையைக் காற்றோட்டமான திண்ணையில் வைத்தால் நீர் இன்னும் விரைவாகக் குளிரும். ஆனால் மாலையில் பானையைத் திறந்து பார்த்தால் நீர்மட்டமும் இறங்கியிருக்கும். குளிர்ச்சிக்கான விலையைப் பானை நீராகச் செலுத்தியிருக்கிறது.

நம் உடலும் இவ்வாறே செயல்படுகிறது. உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். தோலின் வெப்பம் 33 முதல் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று 25 டிகிரியாக இருந்தால், உடலைத் தொட்டுச் செல்லும் காற்றே வெப்பத்தை ஏந்திச் சென்றுவிடும். வியர்வைக்கு அதிக வேலை இல்லை. காற்று 35 டிகிரியை எட்டியதும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அத்தகைய நாளில் முகத்தில் மோதும் காற்று உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறதே தவிர எடுத்துச் செல்வதில்லை. அப்போது உடலுக்கு எஞ்சியிருப்பது வியர்வை ஆவியாகும் ஒரே வழிதான்.

அந்த வழி மிக வலிமையானது. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பம் ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 50 கிலோகலோரி போதும் என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும். கடும் வெயிலில் உடல் மணிக்கு ஒரு லிட்டர் வரையும், உழைக்கும்போது அதற்கு மேலும் வியர்வையாக இழக்கக்கூடும்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஈரக்காற்றில் வளர்ந்தவர்கள் நாம். காற்று என்றாலே குளிர்ச்சி என்று நம் உடலும் மனமும் பழகியிருக்கின்றன. கோடை நண்பகலில் ஓடும் வண்டி எழுப்பும் காற்று வேறு வகையானது. அதில் நாம் உணரும் குளிர்ச்சி உண்மைதான். ஆனால் அதைக் கொடுப்பது காற்றன்று, நம் உடலின் நீர். காற்று அந்த நீரை விரைவாகச் செலவழிக்க மட்டுமே உதவுகிறது.

காற்று மறைக்கும் மூன்று

முதலாவது, வியர்வை. வறண்ட காற்றில் வியர்வை துளியாகத் திரள்வதற்கு முன்பே ஆவியாகிவிடும். சட்டை நனைவதில்லை, நெற்றியில் துளி நிற்பதில்லை. சட்டையில் வெள்ளை உப்புக்கோடு படிந்திருந்தால் மட்டுமே பின்னர் அறியலாம். வண்டி சமிக்ஞையில் நின்றவுடன் வியர்வை கொட்டுவதை அனைவரும் கண்டிருப்போம். அது அப்போதுதான் தொடங்கியதன்று. அதுவரை காணாமல் போய்க்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது.

இரண்டாவது, வெயில். தெளிந்த வானத்தில் நண்பகல் கதிரவன் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைப் பொழிகிறது. தலைக்கு மேல் கூரை இல்லாதபோது அதில் ஒரு பகுதி நேராக நம் உடலில் இறங்குகிறது. காய்ந்த தார்ச்சாலையிலிருந்தும் வெப்பம் மேலெழுகிறது. தாழ்ந்த இருக்கையுள்ள கார்களில் சாலை இன்னும் அருகில் இருக்கிறது. காற்று வீசுவதால் தோல் எரிவது தெரிவதில்லை. இரவில் முன்கையும் கழுத்தும் காந்தும்போதுதான் தெரியும்.

மூன்றாவது, நேரம். சுகமாக இருக்கும்போது நிறுத்தத் தோன்றாது. நிறுத்தாதபோது நீர் அருந்தவும் தோன்றாது. முதியவர்களுக்குத் தாக உணர்வே இயல்பாகக் குறைவு. வழியில் சிறுநீர் கழிக்க இடம் கிடைக்காது என்று பயணத்துக்கு முன்பே நீரைக் குறைத்துக்கொள்பவர்களும் பலர். பெண்களிடம் இப்பழக்கம் மிகுதி. மேலே சொன்ன பெரியவரும் அன்று காலையிலிருந்து இரண்டு தேநீர் தவிர எதுவும் அருந்தவில்லை.

பந்தய ஓட்டுநர்கள் கற்றுத்தரும் பாடம்

திறந்த வாகனத்தில் வெப்பத்தைத் தாங்குவது எப்படி என்பதை நம் ஊரார் நேரில் காண ஓர் இடம் உண்டு. கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, கார்ப் பந்தயத்துக்கு உழைத்த கரிவர்தன் அவர்களின் பெயரைத் தாங்கியது. 2005ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே. இத்தகைய பந்தயக் கார்களில் மேற்கூரை இல்லை, குளிர்சாதனமும் இல்லை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று பாய்கிறது. ஆயினும் ஓட்டுநர் தீப்பிடிக்காத தடித்த உடை, கையுறை, தலைக்கவசம் ஆகியவற்றுக்குள் வெந்துகொண்டிருக்கிறார். வெப்பமான ஊர்களில் ஒரு பந்தயத்தில் இரண்டு, மூன்று கிலோ எடையை வியர்வையாக இழப்பது அவர்களுக்கு வழக்கமே.

2023 அக்டோபர் 8 அன்று கத்தார் நாட்டில் நடைபெற்ற ஃபார்முலா 1 பந்தயம் உலகையே விழிக்கச் செய்தது. அது இரவில் நடந்தது, வெயிலே இல்லை. எனினும் ஓட்டுநர் ஒருவர் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார். இன்னொருவர் நீரிழப்பால் பாதியில் விலகினார். உலகிலேயே மிகத் திடமான உடல்வலிமை கொண்டோருள் சிலர் காரைவிட்டு இறங்கத் தடுமாறினர். அதன் பின்னர், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த வெப்பக் குறியீடு 31 டிகிரிக்கு மேல் இருக்கும் எனக் கணிக்கப்பட்டால் குளிரூட்டும் ஏற்பாட்டைக் காரில் பொருத்த வேண்டும் என்ற விதி 2025ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் அணியும் மேலாடையில் உள்ள நுண்குழாய்கள் வழியாகக் குளிர்ந்த திரவம் ஓடும்.

இதில் நமக்கான பாடம் எளியது. உடல் தன் நீரைச் செலவழித்துக் குளிர்வதைவிட, வெளியிலிருந்து குளிர்ச்சியைக் கொடுப்பது நல்லது. பந்தய ஓட்டுநருக்கு அதற்கென ஒரு மேலாடை வேண்டும். நமக்கு ஒரு நனைந்த துண்டு போதும். கழுத்தைச் சுற்றிய ஈரத்துண்டும், நீர் தெளித்த சட்டைக் கையும் காற்றுபடக் காயும்போது ஆவியாவது குழாய்நீர். உடலின் நீர் மிஞ்சுகிறது. வயலில் உழுபவர் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டதன் பொருளும் இதுவே.

யாருக்கு விலை அதிகம்?

உடல்நலம் உள்ள இளைஞர் இழந்த நீரை மாலையில் அருந்தி ஈடுசெய்துவிடுவார். நம் நோயாளிகள் பலருக்கு அந்த வசதி இல்லை. கீழ்க்காணும் மருந்துகளை உட்கொள்வோர் கோடைப் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் பேசவேண்டும்.

• ஃபுரோசமைட், டோர்செமைட் போன்ற நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள்: வியர்வையில் போவதோடு சிறுநீரிலும் நீரும் உப்பும் வெளியேறும்.

• டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள்: சிறுநீரில் சர்க்கரையுடன் நீரும் வெளியேறும். இதய பலவீனத்துக்கும் இவை தரப்படுகின்றன.

• ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள்: நீரிழப்பு ஏற்பட்ட வேளையில் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் குறையும்.

• மெட்டோபிரலால் போன்றவை: வெப்பத்தை வெளியேற்ற இதயம் விரைந்து துடிக்கவேண்டிய நேரத்தில் அதனைக் கட்டுப்படுத்தும்.

• சளி, அரிப்பு, நரம்புவலி, மனநலம் ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள்: வியர்ப்பதையே குறைக்கும். லித்தியம் உட்கொள்வோருக்கு நீரிழப்பில் அம்மருந்தின் அளவு இரத்தத்தில் ஆபத்தான நிலைக்கு உயரலாம்.

நெடுங்காலச் சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டோருக்குக் கால்களில் வியர்வை சுரப்பது குறைந்திருக்கும். முதியோர், கைக்குழந்தைகள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கும் தனிக் கவனம் தேவை.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம்: இப்பட்டியலைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். நீர் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம், எந்த அளவு குறைக்கலாம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

பயணத்துக்கு முன்பும் பயணத்தின்போதும்

1. நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை 10 மணிக்குள் போய்ச் சேருங்கள். மாலை 4 மணிக்குப் பின் திரும்புங்கள். இடைப்பட்ட நேரத்தில் செல்ல நேர்ந்தால் மேற்கூரையை மூடிக் குளிர்சாதனத்தை இயக்குங்கள். திறந்த காரின் இன்பம் விடியற்காலைக்கு உரியது.

2. உடலைப் பழக்குங்கள். வெப்பத்துக்கு உடல் பழக ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். குளிர்நாட்டிலிருந்தோ உதகையிலிருந்தோ இறங்கி வந்த மறுநாளே நெடும்பயணம் கூடாது.

3. புறப்படுமுன் நீர் அருந்துங்கள். நீர்க் கட்டுப்பாடு இல்லாதவர்கள் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு டம்ளரும், வழியில் அரை மணிக்கு ஒரு டம்ளரும் அருந்தலாம். தாகத்துக்குக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்து அருந்துங்கள். இதய பலவீனம் உள்ளோரும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் பயண நாளில் எவ்வளவு நீர் கூடுதலாக அருந்தலாம் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

4. எதை அருந்துகிறோம் என்பதையும் கவனியுங்கள். பொள்ளாச்சிச் சாலையோர இளநீர் பலருக்கு அமுதம். அதில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிகளுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் உட்கொள்வோருக்கும் தீங்காகலாம். உப்பிட்ட நீர்மோரும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டோருக்கு மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே. பதநீரிலும் கரும்புச் சாற்றிலும் சர்க்கரை உண்டு. மது கூடவே கூடாது.

5. உடலை மூடுங்கள். வெளிர்நிறத்தில், தளர்ந்த, முழுக்கைப் பருத்திச் சட்டையே சிறந்தது. தலைக்கு அகன்ற விளிம்புள்ள தொப்பி அல்லது துண்டு. இருசக்கர வாகனமானால் தலைக்கவசம் கட்டாயம். திறந்த இடங்களில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத களிம்பை இரண்டு மணிக்கு ஒருமுறை பூசுங்கள். வெயிலில் நின்ற வண்டியின் கறுப்புத் தோல் இருக்கை சுட்டுவிடும். உணர்ச்சி குறைந்த கால்களை உடைய சர்க்கரை நோயாளிகள் வெள்ளைத் துண்டை விரித்து அமருங்கள்.

6. மணிக்கு ஒருமுறை நிழலில் நிறுத்துங்கள். துண்டை மீண்டும் நனையுங்கள். இருக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கால்களை அசைத்துவிட்டு மெல்ல எழுங்கள். நம் பெரியவர் விழுந்தது எழுந்து நடந்த அந்த நான்கு அடியில்தான்.

7. மருந்துகளைக் காத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை வெயில்படும் இடத்தில் வைத்தால் வீரியம் குறையும்; ஈரத்துணி சுற்றிய பையிலோ குளிர்பெட்டியிலோ, பனிக்கட்டியை நேரடியாகத் தொடாதபடி வையுங்கள். உறிஞ்சு மருந்துக் குப்பியையும் வெயிலில் விடவேண்டாம்.

8. எடை பாருங்கள். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் புறப்படுமுன்னும் திரும்பியபின்னும் நின்று பாருங்கள். ஒரே நாளில் குறைந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லிட்டர் நீருக்குச் சமம். பந்தய ஓட்டுநர்களும் இவ்வாறே கணக்கிடுகிறார்கள்.

குழந்தைகளையோ முதியோரையோ நிறுத்திய, மூடிய காரில் "ஒரு நிமிடம்" என்று விட்டுச் செல்லாதீர்கள். பத்து நிமிடத்திலேயே உள்ளே ஏறத்தாழ பத்து டிகிரி உயர்ந்துவிடும்.

ஆபத்தை அறிவது எவ்வாறு?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு, சிறுநீர் அடர்மஞ்சளாதல் ஆகியவை வெப்பச்சோர்வின் அறிகுறிகள். வண்டியை நிறுத்தி நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உடலை நனைத்து, நீர் கொடுங்கள். அரை மணியில் தெளிவில்லை என்றால் மருத்துவமனைக்கு வாருங்கள். ஓட்டுநருக்கே இவ்வறிகுறி வந்தால் அவர் மேற்கொண்டு ஓட்டக்கூடாது.

பேச்சுக் குழறுதல், இடமறியாமை, காரணமற்ற எரிச்சல், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றோடு உடல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். தோல் வறண்டிருக்கவேண்டும் என்பதில்லை. வியர்வையோடும் வெப்பத்தாக்கு வரும். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் உடலைக் குளிரச் செய்யுங்கள்: மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரை ஊற்றி, இடைவிடாது விசிறுங்கள், பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். நினைவு தவறியவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். பாராசிட்டமால் இவ்வெப்பத்தைக் குறைக்காது. முதல் அரைமணியில் செய்யும் குளிர்விப்பே உயிரைக் காக்கிறது.

எங்கள் பங்கு

அந்தப் பெரியவர் எங்கள் சொல்லை மீறியவர் அல்லர். உப்பைக் குறைக்கச் சொன்னோம், குறைத்தார். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் வேண்டாம் என்றோம். அதற்கும் குறைவாகவே அருந்தினார். காலை மாத்திரையைத் தவறவிடவேண்டாம் என்றோம். கோயிலுக்குப் புறப்படும் அவசரத்திலும் விழுங்கினார். அந்தச் சீட்டை எழுதியவர்கள் நாங்கள். தை மாதத்தில் எழுதிய அதே சீட்டு சித்திரையிலும் பொருந்தும் என்று எண்ணிவிட்டோம். வெயிலில் வெளியே போவீர்களா, எந்த வண்டியில் போவீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாசி, பங்குனியில் பரிசோதனைக்கு வரும்போது, "கோடைக்கு என் மாத்திரையிலோ நீரின் அளவிலோ மாற்றம் உண்டா?" என்று கேளுங்கள். நாங்கள் மறந்தாலும் நீங்கள் மறக்கவேண்டாம். உடன் வரும் மகனோ மகளோ விடையைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளட்டும்.

பெரியவர் இவ்வாண்டும் குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுவந்தார், அதே காரில்தான். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, கூரையைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்புகையில் கூரையை மூடிவிட்டார்கள். நீர் மாத்திரையை அன்று எப்போது விழுங்குவது, எவ்வளவு நீர் கூடுதலாக அருந்துவது என்று முன்கூட்டியே எங்களிடம் கேட்டிருந்தார். மறுநாள் எடை பார்த்தோம். வழக்கமான எடையே இருந்தது. கழுத்தில் போட்டிருந்த ஈரத்துண்டுதான் வழியெல்லாம் காய்ந்து காய்ந்து போனதாகவும், பல்லடம் வருவதற்குள் இரண்டுமுறை நனைத்துக்கொண்டதாகவும் சொன்னார்.